மச்சான் என்னும் சொல்

பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறும் இளைஞருக்கு உலகம் பல எச்சரிக்கைகளைச் செய்கின்றது. உத்தியோகம் கிடையாமற் போகலாம் என்கின்றது. கிடைத்தாலும் சம்பளம் போதாது என்கின்றது. தூர இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்றும் சொல்கின்றது. ஆனால், மாலை ஆறு மணிக்கு, பிள்ளைகள் வீடு திரும்பி நெடுநேரமான பின்னர், வாடகை அறையின் வாசலில் நின்று, ‘இப்பொழுது யாருடன் பேசுவது?’ என்று திகைக்க நேரிடும் என்பதை மாத்திரம் எவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பட்டதாரி வாழ்க்கையின் முதல் ஆண்டில் நாம் கற்றுக்கொள்ளும் முதற் பாடம் இத்தனிமையே.

நாம் 1968ஆம் ஆண்டிற் பேராதனையிலிருந்து வெளியேறினோம். விடுதியைக் காலிசெய்த அன்று, பெட்டிகளுடனும் புத்தகக் கட்டுகளுடனும் ஒரே வண்டியில் ஏறியவர்கள் பன்னிருவர். பொல்காவலைச் சந்தியில் நாம் வண்டி மாறியபோது, தென்பகுதி நண்பர்கள் அதே வண்டியிற் கொழும்பு நோக்கிச் சென்றனர். மாகோவில் மட்டக்களப்பு நண்பர்கள் இறங்கிக்கொண்டார்கள். அநுராதபுரத்தில் ஒருவர், வவுனியாவில் இருவர் என்று ஒவ்வொரு நிலையத்திலும் கைகள் அசைந்தன. யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது எஞ்சியவர் இருவரே: நாமும், ஈராண்டு எம்முடன் ஓரறையில் வாழ்ந்த நண்பரும். அவரைப் பற்றிப் பின்னர் சொல்வோம்.

சில மாதங்களில் மன்னார்ப் பகுதியில் ஒரு பாடசாலையிலே எமக்கு நியமனம் கிடைத்தது. முதல் மாதத்தில் பதினொரு கடிதங்கள் எழுதினோம்; ஒன்பதுக்குப் பதில் வந்தது. ஆறாம் மாதத்தில் நாலு கடிதங்கள். ஓராண்டு முடிவதற்குள் அவை தைப்பொங்கல் வாழ்த்து அட்டைகளாகச் சுருங்கின. எவரும் எவருடனும் கோபிக்கவில்லை. எவரும் எவரையும் வெறுக்கவில்லை. நட்பு முறிந்தது என்று சொல்லத்தக்க நாள் ஒன்றை நாட்குறிப்பிற் காட்ட முடியாது. ஆயினும், ஏதோ ஒன்று இல்லாமற் போயிருந்தது.

இந்த ஏக்கத்தை எவ்வாறு மதிப்பிடுவது? சமூக மாற்றத்தைப் பேசும் நண்பர் சிலர் இதனை நடுத்தர வர்க்கத்தின் மனநோய் என்று ஒதுக்கிவிடுவார்கள். மக்களிடையே சென்று வேலைசெய்பவனுக்குத் தனிமை ஏது என்பது அவர்கள் வாதம். வேறு சிலரோ கல்லூரி நாட்களைப் பொற்காலமாக்கி, எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் அதற்கு எழுதிய இரங்கற் பாவாகவே கழித்துவிடுகின்றனர். இவ்விரு சாராரும் ஒரு கேள்வியைக் கேட்க மறந்துவிடுகின்றனர். பழைய நண்பரை நினைத்து ஏங்கும்பொழுது நாம் உண்மையில் எதனை நினைத்து ஏங்குகின்றோம்? அந்த ஏக்கம் எம்மிடம் எதனைக் கேட்கின்றது?

முதலாவது கேள்விக்கு விடைகாண விடுதி வாழ்க்கை எத்தகையது என்பதைப் பார்க்கவேண்டும். 1945ஆம் ஆண்டு ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வித் திட்டம், அதுவரை பல்கலைக்கழகத்தின் வாசலைக் கனவிலும் காணாத குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அவ்வாசலைத் திறந்தது. 1960இன் பின்னர் கலைப்பீடத்திலே தாய்மொழி மூலம் கற்கும் வாய்ப்பு ஏற்பட்டபோது அவ்வழி மேலும் அகன்றது. அதே மாற்றம் தமிழ் மாணவரையும் சிங்கள மாணவரையும் வேறு வேறு விரிவுரை மண்டபங்களில் இருத்தியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எனினும் விடுதியின் சாப்பாட்டு மேசை ஒன்றாகவே இருந்தது. புரொக்டரின் மகனும் புகையிலைத் தோட்டக்காரனின் மகனும் ஒரே சோற்றை உண்டார்கள்; ஒரே பருப்புக் கறியைத் திட்டினார்கள். எவருக்கும் சம்பளம் இல்லை. ஆகவே எவர் சம்பளம் கூட என்ற கேள்வி இல்லை. எவருக்கும் பதவி இல்லை. ஆகவே எழுந்து நிற்கவேண்டியவரும் இல்லை.

இவை எல்லாவற்றிலும் மேலாக, விடுதியில் நேரம் இருந்தது. நட்புக்கு வேண்டிய முதற் பொருள் நேரமே. ஹந்தானை மலையிற் பனி இறங்கும் இரவுகளில், விடியும்வரை பயனற்ற பேச்சுப் பேசுவதற்கு எமக்கு நேரம் இருந்தது. அந்தப் பேச்சிலேதான் ஒருவரை ஒருவர் அறிந்தோம். வெளியே வந்ததும் அந்த நேரத்தை விற்று அரிசி வாங்க வேண்டியதாயிற்று. விற்றது போக எஞ்சும் நேரத்தில் களைப்பு மாத்திரமே மிஞ்சுகின்றது. ஆகவே கல்லூரி நண்பரை நினைத்து ஏங்கும் பட்டதாரி, தாம் அறியாமலே, ஒரு சமத்துவத்தையும் விற்கப்படாத நேரத்தையும் நினைத்து ஏங்குகின்றார். நாலாண்டு காலம் சிலருக்கு மாத்திரம் கிடைத்த இந்நிலை, எல்லாருக்கும் எக்காலத்தும் ஏன் கிடைக்கலாகாது? இவ்விடத்தில் அந்த ஏக்கம் சமூகத்தைப் பற்றிய ஒரு விமர்சனமாகின்றது. அதனை மனநோய் என்று ஒதுக்குபவர்கள் தங்கள் கொள்கைக்குரிய நல்லதோர் ஆதாரத்தையே ஒதுக்குகின்றார்கள்.

ஆனால் இவ்விளக்கத்துடன் திருப்தியடைந்துவிட எம்மால் முடியவில்லை. ஏனெனில் சமத்துவத்துக்கு முகம் இல்லை. நண்பருக்கு முகம் உண்டு. மேசையில் தாளம் போடும் விரல்களும், பரீட்சைக்கு முதல்நாள் மாத்திரம் வரும் இருமலும் குறித்த ஒருவருக்கே உரியவை. அந்த ஒருவருக்கு நாம் கடமைப்பட்டிருக்கின்றோமா? தூரம் சென்றபின்பும் அக்கடமை நிலைக்குமா?

அரிஸ்டோட்டில் தமது அறநூலில் நட்பை மூன்று வகையாகப் பிரித்தார். பயன்கருதிய நட்பு, இன்பம்கருதிய நட்பு, ஒருவர் ஒருவருடைய நற்பண்பைக் கருதிய நட்பு என்பன அவை. சேர்ந்து வாழ்தலே நண்பர்க்குச் சிறந்தது என்பது அவர் துணிபு. தூரம் நட்பை அழிப்பதில்லை, அதன் செயற்பாட்டையே நிறுத்துகின்றது. ஆனால் பிரிவு நீண்டால் மறதி வந்துவிடும் என்றும் அவர் சொன்னார். எமது கடிதங்கள் வாழ்த்து அட்டைகளாகிய வரலாற்றை அவர் முன்கூட்டியே அறிந்திருந்தார் போலும்!

வள்ளுவரின் நோக்கு வேறு. கூடி வாழ்தலும் பலநாட் பழகுதலும் வேண்டியதில்லை; ஒத்த உணர்ச்சி ஒன்றே நட்பின் உரிமையைத் தந்துவிடும் என்கின்றார் அவர். அதற்குக் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் பரிமேலழகர் எடுத்துக்காட்டினார். ஒருவரை ஒருவர் காணாமலே நண்பரானவர்கள் அவர்கள். அதே அதிகாரத்திலே இன்னொரு குறளில், ஆடை நழுவும் கணத்தில் மனத்தின் கட்டளைக்குக் காத்திராமல் அதனைப் பற்றும் கையை நட்புக்கு உவமையாக்குகின்றார் வள்ளுவர். மானம் போகும் வேளையிலே கை எழுகின்றதா என்பதே அவரது அளவுகோல். எமது சொந்த வாழ்வில் அந்த அளவுகோல் எம்மை எங்கே நிறுத்தியது என்பதைச் சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினோம்.

விடுதியில் நாம் ஒருவரை ஒருவர் அழைத்த சொல் ‘மச்சான்’ என்பது. சிங்கள நண்பர்களும், ஒலி சிறிது திரிந்த அதே சொல்லைத்தான் வழங்கினர். தமிழில் மச்சான் என்பவர் யார்? மாமன் மகன், அல்லது உடன்பிறந்தாளின் கணவன். அதாவது, எமது வீட்டிற் பெண் எடுக்கவும் கொடுக்கவும் உரிமை பெற்றவர். யாழ்ப்பாணக் கிராமத்திலே இச்சொல்லுக்குச் சாதி என்னும் வேலி உண்டு. அந்த வேலிக்கு அப்பால் உள்ளவரை எவரும் மச்சான் என்று அழைப்பதில்லை. பேராதனையிலோ எல்லாரும் எல்லாரையும் அவ்வாறு அழைத்தோம். அழைத்தபோது, நாம் என்ன வாக்குறுதி கொடுக்கின்றோம் என்று எவரும் சிந்திக்கவில்லை.

எம்முடன் ஓரறையில் வாழ்ந்த நண்பர் எமது ஊரிலிருந்து ஆறு மைல் தொலைவிலுள்ள கிராமத்தவர். ஒடுக்கப்பட்ட சாதியிற் பிறந்து, மத்திய மகா வித்தியாலயம் ஒன்றிற் படித்து, அக்கிராமத்திலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த முதலாமவர். அந்த நாட்கள் வடபகுதி கொதித்துக்கொண்டிருந்த நாட்கள். பொதுவிடங்களிற் சாதியின் பேரால் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இலேயே இயற்றப்பட்டுவிட்டது. ஆனால் சட்டம் தாளில் இருந்தது, தேநீர்க்கடையின் பேணி தனியாகவே இருந்தது. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கித் தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலம் புறப்பட்டது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாசலிற் போராட்டம் நடந்தது. பேராதனை அறையிலிருந்து நாம் அவற்றை ஆதரித்து நள்ளிரவு வரை வாதாடினோம். எம்மிலும் உரத்துப் பேசியவர்கள் அந்த விடுதியில் மிகச் சிலரே.

1969 சித்திரை விடுமுறையில் அவர் எமது வீட்டுக்கு வந்தார். ‘உன்னைக் காணாமல் இருக்க முடியவில்லை, வா மச்சான்’ என்று கடிதம் எழுதி அழைத்தவர்கள் நாமே. ஆறு மைல் சைக்கிளில் வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு விறாந்தையில் அமர்ந்தார். எமது தாயார் அன்புடன் விசாரித்தார். “தம்பி எந்த ஊர்? ஆற்றை மகன்?” நண்பர் ஊரையும் தகப்பனார் பெயரையும் மறையாமற் சொன்னார். தாயார் உள்ளே சென்றார். சிறிது நேரத்தில் தேநீர் வந்தது. எமக்கு மூக்குப்பேணியில், அவருக்கு, கிணற்றடியிற் கிடக்கும் தகரப்பேணி ஒன்றில்.

நாம் அதனைக் கண்டோம். நாம் கண்டதை அவரும் கண்டார். பேணிகளை மாற்றிக்கொள்ள ஒரு கணம் போதும். எமது கை எழவில்லை. தாயாரின் மனம் புண்படும் என்று எண்ணினோமா, அயலவர் பார்ப்பார்கள் என்று அஞ்சினோமா, இன்றும் எமக்குத் தெளிவில்லை. நண்பர் தேநீரைக் குடித்து முடித்தார், பேணியைத் தாமே கழுவிக் கவிழ்த்து வைத்தார், எமது புதிய பாடசாலையைப் பற்றி இரண்டொரு கேள்விகள் கேட்டார், விடைபெற்றார். படலை வரை சென்று வழியனுப்பினோம். அப்பொழுதும் ஒன்றும் பேசவில்லை.

மன்னாருக்குத் திரும்பிய பின்னர் அவருக்கு மூன்று கடிதங்கள் எழுதினோம். மூன்றிலும் தனிமையைப் பற்றி எழுதினோம். பேராதனை இரவுகளை நினைவூட்டினோம். தேநீரைப் பற்றி மாத்திரம் எழுதவில்லை. மூன்றாவது கடிதத்துக்குத் தபால் அட்டையிற் பதில் வந்தது. “நீ தேடுவது அந்த அறையை, மச்சான். என்னை என்றால் நான் ஆறு மைலில்தான் இருக்கிறேன்.” வேறு ஒன்றும் எழுதப்பட்டிருக்கவில்லை.

அந்த அட்டையில் இருந்த உண்மையை ஏற்க எமக்கு நாலாண்டுகள் சென்றன. அதற்கிடையில் எமது தங்கைக்குத் திருமணம் பேசினார்கள். பட்டதாரி மாப்பிள்ளை வேண்டும் என்று சாதகக் குறிப்புடன் ஊரூராக அலைந்தோம். தங்கை எவருக்கும் கொடுக்கப்படும் பொருளன்று. தீர்மானம் அவளுடையதே என்பதை இன்று அறிவோம். ஆனால் நாம் சொல்லவந்தது வேறு. அந்த அலைச்சலின்போது, நாலாண்டுகள் மச்சான் என்று நாம் அழைத்த, குணமும் கல்வியும் நாம் நன்கறிந்த அந்த மனிதரின் பெயர், ஏற்பதற்காக அன்று, மறுப்பதற்காகவேனும் எமது மனத்தில் ஒருமுறை எழவில்லை. தகரப்பேணியைத் தாயார் கொடுத்தார் என்று சொல்லி நாம் தப்பிக்கொள்ளலாம். இதனைச் செய்தது எமது மனமே.

ஆகவே ஏக்கத்தில் இரண்டு வகை உண்டு என்று கருதுகின்றோம். ஒன்று, நாம் இளமையாகவும் கவலையின்றியும் இருந்த இடத்தை நினைத்து ஏங்குவது. அதில் நண்பர் வெறும் காட்சிப்பொருள். அவர் எமது நினைவிலே சிரித்துக்கொண்டிருந்தாற் போதும். மற்றையது, இன்று வாழும் அந்த மனிதரை, அவர் இன்று இருக்கும் நிலையில், வேலையற்றவராயினும், எம்மிலும் உயர்ந்தவராயினும், எம்மாற் புண்பட்டவராயினும், வேண்டி நிற்பது. முன்னையது எம்மிடம் ஒன்றும் கேட்பதில்லை, கண்ணீரோடு திருப்தியடைகின்றது. பின்னையது எம்மிடம் விலை கேட்கின்றது.

இவ்விடத்தில் மார்க்சையும் எங்கல்சையும் நினைத்துக்கொள்வது பொருத்தம். உலகறிந்த அந்த நட்பும் பிரிவிலேதான் வளர்ந்தது. 1850இலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எங்கல்ஸ் மான்செஸ்டரிலே தாம் வெறுத்த வியாபார வேலையிற் காலம் கழித்தார். அவருடைய பணமே லண்டனில் மார்க்சின் குடும்பத்தைப் பெரிதும் தாங்கியது. 1863 ஜனவரியில், எங்கல்ஸ் தம் வாழ்க்கைத் துணையாகக் கொண்டிருந்த மேரி பேர்ன்ஸ் திடீரென மரணமானார். தொழிலாளர் வர்க்கத்தைச் சேர்ந்த ஐரிஷ் பெண்மணி அவர். செய்தி அறிந்த மார்க்ஸ் இரண்டு வரிகளில் அநுதாபம் தெரிவித்துவிட்டு, தமது பணக் கஷ்டத்தை விரிவாக எழுதினார். எங்கல்ஸ் மனம் நொந்தார். நொந்ததை மறைக்கவில்லை, சாதாரண அறிமுகக்காரர் காட்டிய பரிவைக்கூட நண்பர் காட்டவில்லை என்று வெளிப்படையாகவே பதில் எழுதினார். சில நாட்களின் பின் மார்க்ஸ் தமது தவறை ஒப்புக்கொண்டு வருந்தி எழுதினார். மேரியுடன் தமது மிகப் பழைய நண்பரையும் இழக்கவில்லை என்பதில் ஆறுதல் கொள்வதாக எங்கல்ஸ் விடையிறுத்தார்.

இவ்வளவும் ஒரே மாதத்துக்குள் நடந்து முடிந்தது. மேதைகளும் நண்பரைப் புண்படுத்துவார்கள் என்பது எமக்கு ஆறுதல் தரலாம். ஆனால் அதுவன்று பாடம். ஒருவர் குற்றத்தை முகத்துக்கு நேரே சொன்னார். மற்றவர் அதனைக் காலந்தாழ்த்தாமல் ஏற்றுக்கொண்டார். எமது நண்பரும் தபால் அட்டையிற் சொல்லத்தான் செய்தார். ஏற்கத்தான் நாம் தயங்கினோம். பின்னர் அவ்விருவரும் பழைய நாட்களைப் பேசிக்கொண்டிருக்கவுமில்லை. அவர்களைப் பிணைத்தது முடியாத ஒரு வேலை. 1883இல் மார்க்ஸ் மறைந்த பின்னரும் அந்த வேலை நிற்கவில்லை. ‘மூலதனம்’ நூலின் இரண்டாம் பாகம் 1885இலும் மூன்றாம் பாகம் 1894இலும் எங்கல்சின் கையால் ஒழுங்குசெய்யப்பட்டு வெளிவந்தன.

நாம் 1973இல் ஊருக்கு அண்மையில் இடமாற்றம் பெற்றோம். முதலில் தாயாரிடம் பேசினோம். அந்த நண்பர் எந்தப் பேணியிற் குடிப்பாரோ அதில்தான் நாமும் குடிப்போம் என்றோம். இரண்டு மாதங்கள் தாயார் எம்முடன் சரியாகப் பேசவில்லை. பின்னர் ஆறு மைல் சைக்கிள் மிதித்து நண்பரின் வீட்டுக்குச் சென்றோம். மன்னிப்புக் கேட்டதை அவர் இடையில் நிறுத்தினார். “அதைப் பிறகு பார்ப்போம் மச்சான். எங்கட பெடியளுக்கு இங்கிலீஷ் படிப்பிக்க ஆளில்லை. சனிக்கிழமையில் வருவியா?” என்று கேட்டார். ஒன்பது ஆண்டுகள் சனிக்கிழமைகளிற் சென்றோம். நட்பு பேராதனை இரவுகளைப் போல் ஆகவில்லை. சில வேளைகளில் நடுவே ஒரு மௌனம் வந்து அமர்ந்துகொள்ளும். ஆனால் அந்த மௌனத்தைப் பற்றி எம்மால் பேச முடிந்தது.

1983இன் பின்னர் அந்தப் பன்னிருவரும் உலகெங்கும் சிதறினர். 1990இல் நின்றுபோன புகையிரதம் 2014இலேதான் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. அதற்கிடையிற் சிலர் இறந்தனர். சிலர் கடல் கடந்தனர். இன்றைய பட்டதாரிகளுக்குக் கைத்தொலைபேசி உண்டு. ஆண்டு வகுப்பு முழுவதும் ஒரே குழுவில் நாள்தோறும் காலை வணக்கம் சொல்லிக்கொள்கின்றது. அது நல்லதே, பொல்காவலையிற் பிரிந்த எமக்கு அது கிட்டவில்லை. எனினும் கருவி மாறியதனாற் கேள்வி மாறிவிடவில்லை. அந்தக் குழுவில் எவர் மௌனமாகிவிட்டார்? ஒன்றுகூடலுக்கு எவர் வரவில்லை? நியமனத்துக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருப்பவர், கடனில் மூழ்கியவர், பரிசுப்பொருள் வாங்க வழியின்றித் திருமண அழைப்பைத் தவிர்த்தவர், மணமானபின் பழைய தோழியருடன் பேசவே அநுமதி கேட்கவேண்டிய பெண் ஆகியோரே பெரும்பாலும் வராதவர்கள். ‘மச்சாள்’ என்று அழைத்த தோழியரை முதலில் இழப்பவள் அவளே.

விடுதியை விட்டு இவ்வாண்டு வெளியேறும் இளம் நண்பர்களே, நண்பரை நினைத்து வருந்துங்கள்; அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் புகைப்படத்திற் சிரிப்பவரை விட்டு, வராதவரைத் தேடிச் செல்லுங்கள். அவர் உங்கள் வீட்டுக்கு வரும்போது அவருக்கு எந்தப் பேணியில், எந்தக் கதிரையில், எந்த வார்த்தையில் வரவேற்பு என்று கவனியுங்கள். கை எழவேண்டிய கணம் மிகச் சிறியது. எமக்கு அது ஒரு தேநீர் ஆறும் நேரம்கூட இருக்கவில்லை. விடுதியில் நாலாண்டுகள் ஒரு சொல்லை நாம் விலையின்றிப் பேசினோம். அதற்குரிய விலையைச் செலுத்தும் காலம் பட்டமளிப்பு விழாவுக்கு மறுநாள் தொடங்குகின்றது.